கிட்டார்க்காரர்கள் படம் போட்ட டீசேர்ட்

மலைத் தோட்டங்களுக்குப் போகும் டயகம பஸ் கிளம்புகிற வழியைக் காணோம். முன் இருக்கை இளைஞர்களின் பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது.

"அந்த ராக் பேண்டு டீசேர்ட்ட அம்மாவுக்குக் குடுத்துட்டேன் மச்சான்."

"ஏன்டா? எடுப்பா இருந்துச்சே."

"ட்ரெய்ன்ல ஒரு வெள்ளக்காரன் அதப் பாத்துட்டு என்னையக் கட்டிப்புடிச்சு, எந்தப் பாட்டு புடிக்கும்னு கேட்டான். நான் ஒன்னுகூடக் கேட்டதில்ல. வீட்டுக்குப் போயி அவங்க பாட்டப் போட்டுக் கேட்டேன். ஒரே கிட்டாரு, முடியவே மாட்டேங்குது."

"ஒலகமே கேக்குது, ஒனக்குப் புடிக்கலயா?"

"புடிக்கல. இப்ப அம்மா சேலைக்கு மேல அதப் போட்டுக்கிட்டுத்தான் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போறாங்க. டூரிஸ்ட் வேனெல்லாம் அங்கனதான் நிக்குது. எறங்கி வந்து அம்மாவச் சுத்தி நின்னு பாடுறாங்க."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"சட்ட குளிருக்கு எதமா இருக்காம். பாட்டுத்தான் அவங்களுக்கும் புடிக்கலயாம்."