சிந்துவுக்காக நான் கண்ட தரிசனம்

பாத்திரம் தேய்ப்பது எனக்குப் பிடிக்கும், சார். எங்கள் மிஷனரி பயிற்சி மையத்தில் முப்பத்திரண்டு பேர். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தேய்ப்பேன், சிந்து கழுவுவாள். என் ஜெபத் துணையும் அவள்தான். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு ஜெபத் துணை உண்டு. அவளிடம் எதையும் மறைக்கக் கூடாது. உங்களுக்காக ஜெபிக்கும்போது ஆண்டவர் அவளுக்கு எதையாவது காட்டினால், அதற்குப் பெயர் தரிசனம், அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஐந்து மணிக்குத் தியானம், பகலில் வகுப்பு, மாலையில் பொம்மசந்திரா பஸ் ஸ்டாப்பில் நின்று சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு சபையில் சாட்சி. ஆண்டவர் நம் வாழ்க்கையில் செய்ததை எழுந்து நின்று சொல்வது.

சிந்து சாட்சி சொன்னால் சபையே அழும். ஃபேக்டரியில் வேலை பார்த்தவள். ஞானஸ்நானம் எடுத்ததும் அவள் அப்பா வீட்டுக்குள் விடவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை வியாதி வேறு, தினம் நாலு தடவை இன்சுலின். நானோ விவேக் நகர்க்காரி, பிறந்ததிலிருந்து கிறிஸ்தவள். நர்சிங் இரண்டு வருஷம் படித்துவிட்டு ஊழியத்துக்கு வந்தேன். என் சாட்சி மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். கொட்டாவியோடு ஆமென் சொல்வார்கள்.

"உனக்கு என்ன பியா சாட்சி? சண்டே ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் பிரைஸ் வாங்குனதா?" என்பாள் சிந்து, தட்டைக் கழுவிக்கொண்டே.

"ஏன், உன்ன மாதிரி வீட்ட விட்டு ஓடி வரணுமா?"

"வாயேன். ஆனா பேக்ல ஒரு கேசரி டப்பா எடுத்துட்டு வா. நான் மோந்தாவது பாத்துக்கறேன்."

சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெபம் முடிந்ததும் சொன்னேன்: "தரிசனம் பாத்தேன் சிந்து. உன் கையில ஊசித் தழும்பே இல்ல."

நான் எதையும் பார்க்கவில்லை, சார். அவள் சுகமானால், அதை முதலில் கண்டவள் நான். அந்தச் சாட்சி எனக்கும் சொந்தமாகும். அவ்வளவுதான் நினைத்தேன்.

"ஊசிய நிறுத்திடவா?"

"நான் சொல்லல. உன் விசுவாசம்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உனக்குப் பொய் சொல்லவே வராது" என்றாள்.

மறுநாள் மூன்று நாள் உபவாசம் ஆரம்பம். முதல்வர் அப்பாதுரை ஐயா நோயாளிகளை உபவாசத்தில் உட்கார விடமாட்டார். அதனால் அவரிடம் சொல்லாமல் கலந்துகொள்ளச் சொன்னேன். வியாழக்கிழமை சிந்து குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், வாந்தி எடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜெப அறையில் விழுந்தாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்தில் ஒருவர் விழுந்தால், ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம். அபிஷேகம் என்போம். தூக்க மாட்டோம். மேலே ஒரு சால்வை போர்த்திவிட்டு, சுற்றி நின்று பாடுவோம். அன்றும் பாடினார்கள். வார்டன் அன்னம்மாள் ஆன்ட்டி மட்டும் என் காதருகில் வந்தார்.

"பியா, நீ நர்சிங் படிச்ச பொண்ணு. ஏன்மா இப்படி மூச்சு வாங்குறா? ஆட்டோ கூப்பிடவா?"

"வேணாம் ஆன்ட்டி. அபிஷேகம். தொடாதீங்க."

நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சில் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாசனை. இன்சுலின் இல்லாத உடம்பில் அந்த வாசனை வந்தால் ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது என்று இரண்டாம் வருஷத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசியை ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். அவள் என் தரிசனத்தைச் சொல்வாள். எனவே சால்வையை அவள் வாய் வரைக்கும் இழுத்துவிட்டேன், வாசனை மற்றவர்களுக்கு எட்டாதபடி. இன்னும் சத்தமாகப் பாடச் சொன்னேன். இரண்டரை மணி நேரம் பாடினோம்.

அவள் ஜெபத்திலேயே ஆண்டவரிடம் போனாள் என்று எல்லோரும் நம்பினார்கள். பிறகு வந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் சாட்சி சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். அத்திபெலே சபையில் ஒருவர் கண்ணும் காயவில்லை. யாரும் கொட்டாவி விடவில்லை.

நேற்று சிந்துவின் அம்மா சொர்ணம் வந்திருந்தார், வீட்டுக்காரருக்குத் தெரியாமல். மகளின் துணிமணிகளை எடுத்துப் போக. சமையலறை ஃபிரிட்ஜில் இன்சுலின் அப்படியே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஊர்ல இருக்கும்போது, ஊசி போடாம பச்சத் தண்ணி குடிக்காதும்மா எம்பொண்ணு. இங்க ஏன் போடல? நீ கூடவே இருந்தவதானே, சொல்லு."

துணிப் பையை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான். அதனால்தான் உங்களிடம் வந்தேன், சார். சிந்து நோயால் சாகவில்லை. அவளைக் கொன்றது நான். தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதுகிற கான்ஸ்டபிள் மேடம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், கவனித்தேன். வேண்டுமானால் அந்தச் சால்வை இடத்தை இன்னொரு தடவை சொல்கிறேன். கொஞ்சம் நிதானமாக.