ஏற்றத்துக்கு மார்க்கு போடவில்லை

— "1984 பிப்ரவரி 4, சனிக்கிழமை. இன்று ஒரு சிறு தவறு தெரிந்தது. நேற்று பிக்கப் வண்டியை வாங்கும்போது முப்பத்தேழு வகையில் சோதித்தேன். ஏற்றத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்கவில்லை." ஏஞ் சாமி, இதுக்குப் பேரு சிறு தவறா?

— மொதல்ல பெரிய தவறுன்னுதான் எழுதுனேன், அக்கா. அப்பறம் சந்தேகம் வந்து அடிச்சுட்டேன். டைரியக் குடு.

— இரு. ஹாரனுக்குப் பத்துக்குப் பத்து. கண்ணாடிக்கு ஒம்போது. ஏன் ஒரு மார்க்கு போச்சு?

— அதுல என் மூஞ்சி கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சுது.

— டைப்பிங் கிளாசுக்குப் போயிப் போயி எல்லாத்துக்கும் கோடு போட்டுக் கட்டம் கட்டற. மலையில குடியிருக்கறவனுக்கு ஏத்தம் ஒண்ணு இருக்கறது எப்படிக் கண்ணு மறந்துச்சு?

— வருசத்துக்கு நாலு நடை ஓட்டறதுக்கு ஜீப் வெல அதிகம். டெம்போ வளைவுல திரும்பல. இதுதான் நம்ம கைக்கு எட்டுச்சு. நம்ம சுமை என்னைக்குக்கா ஏறி வந்துருக்கு? காப்பி எறங்குது, மொளகு எறங்குது, ஆரஞ்சு எறங்குது. ஏறி வர்ற சுமையே நெனப்புல வரல.

— நாளைக்கு என்னப் பொண்ணு பாக்க மாப்பிள்ள ஊட்டுல அஞ்சு பேரு ஏறி வரோணுமே?

— அவங்களச் சுமைன்னு நான் நெனைக்கல.

— தேவசிகாமணி! இது மூணாவது எடம். போன தடவ வந்த எடம் பஸ்ஸுல வந்து, பாதி வளைவுல அந்த அத்தைக்கு வாந்தி வந்து, அப்படியே எறங்கிப் போயிட்டாங்க. இவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க, சொந்த வண்டி அனுப்புனா வர்றோம், இல்லீன்னா ஓமலூர்ல ஒரு பொண்ணு இருக்குதுன்னு. அனுப்பறேன்னு லெட்டர் போட்டது நீ.

— ரெண்டு காப்பி அடிச்சு, ஒண்ண ஃபைல்ல வெச்சுருக்கறேன். அதா, காளியப்பண்ணன் வர்றாரு. வண்டிய வித்தவரையே கேட்டுருவோம். வாங்கண்ணா! உங்க வண்டி ஏத்தத்துல நகர மாட்டேங்குதுங்க!

— ஏனுங் தம்பி, நேத்து ஏற்காட்டுல இருந்து உங்க ஊடு வரைக்கும் ரயிலாட்டம் வந்துச்சுங்களே?

— அது பூரா எறக்கமுங்க. இப்பப் பாத்தா ஒண்ணாம் கியரே விழுகல.

— அதுல பல்லு இல்லீங். ஆனா ஏறாதுன்னு யாரு சொன்னது? ரிவர்ஸ்ல ஏறும். நொம்ப நல்லா ஏறும்.

— அடிவாரத்துல இருந்து இங்க வரைக்குமா? எல்லா வளைவையும் பின்னாலயே திரும்பறதா?

— முன்னால வருதா பின்னால வருதான்னு மலைக்குத் தெரியுமுங்களா அம்மிணி? உங்க விருந்தாளிங்கள பின்னாடி தொட்டியில உக்கார வைங்க. ரிவர்ஸ்ல அவங்கதான் முன்னால. மரம், பள்ளத்தாக்கு, கொரங்கு, எல்லாம் மொதல்ல அவங்க பாப்பாங்க. தம்பி மருவாதியாப் பின்னால ஓட்டிக்கிட்டு வரட்டும்.

— நீங்க அப்படி ஏத்தியிருக்கறீங்களா?

— ரெண்டு வருசம் ஏத்துனனுங்க.

— அப்பறம் ஏன் வித்தீங்க?

— கழுத்து திரும்ப மாட்டேங்குது அம்மிணி. பாருங்க, உங்ககூடப் பேசறதுக்கு ஒடம்போட திரும்பறேன்.

— அண்ணா, இது சரிவராதுங்க. வண்டிய நீங்களே திருப்பி எடுத்துக்கங்க.

— தாராளமா எடுத்துக்கறனுங் தம்பி. மேல எங்க ஊட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுருங்க.

— அக்கா, நான் மாப்பிள்ள ஊட்டுக்குத் தந்தி குடுத்துடறேன். தவறு முழுக்க என்னுதுன்னு. இல்ல, பெரும்பகுதி என்னுதுன்னு.

— தந்தியெல்லாம் வேண்டாம். எறக்கத்துக்கு எத்தன மார்க்கு போட்ட?

— நூத்துக்குத் தொண்ணூத்தியாறு. பிரேக்கு அருமை. ஏன்?

— அப்பறம் என்ன? நாம எறங்குவோம். அஸ்தம்பட்டிக்கு, அவங்க ஊட்டுக்கு.

— அக்கா! பொண்ணு பாக்க அவங்கதான வரோணும்? பொண்ணே வண்டியேறிப் போறது எங்கயாச்சும் உண்டா?

— பேரு ஞானசுந்தரம்னு தெரியும். போட்டோவுல நாற்காலியில உக்காந்துருக்கறாரு. எந்திரிச்சு நிப்பாரான்னுகூட எனக்குத் தெரியாது. நானும் ஒரு தடவ பாக்கறனே.

— அம்மிணி சொல்றது நாயமுங்க. எறக்கத்துக்கு இந்த வண்டிய அடிச்சுக்க ஆளில்ல.

— நீங்க சும்மா இருங்கண்ணா. அக்கா, எறங்கறது சரி. திரும்பி ஏறோணுமே? அவங்க தெருமுக்குலயே ஒரு மேடு இருக்குது. அதுலயே நின்னுரும்.

— நிக்கட்டும். ஊடே வாசல்ல வந்து பாக்கும். அப்ப அவரு சட்டைய மடிச்சு விட்டுக்கிட்டு வண்டியத் தள்ள வர்றாரா, இல்ல அம்மா மொகத்தப் பாக்கறாரான்னு நான் பாக்கோணும்.

— இதெ நான் எந்தக் கட்டத்துலக்கா எழுதறது?

— புதுப் பக்கம் திருப்பு. மேல மாப்பிள்ளைன்னு போடு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்சு ஒம்போது மணிக்குக் கெளம்பறோம். தொட்டியக் கழுவி ஜமுக்காளம் விரிச்சு வெய்யி. இந்தத் தடவ ஏத்தத்துலயும் பாத்துருவோம்.