விரிசலுக்கு இந்தப் பக்கம்

— இன்னும் அங்கதான் இருக்கானா?

— அங்கதான். வடக்கால கொஞ்ச தூரம் போறான், நிக்கிறான், எட்டிப் பாக்குறான். அப்புறம் தெக்கால. சாவியத் தொலைச்சவன் மாதிரி ஊர்ந்துக்கிட்டிருக்கான். இந்தா விர்வே, பைனாகுலர நீயே வச்சுப் பாரு.

— எனக்கெதுக்கு? பதினோரு வருஷம் பொண்டாட்டியா இருந்து பக்கத்துலயே பார்த்தாச்சு. அவன் பல்லு விளக்குறதே அப்படித்தான் ரைவோ. மேல் வரிசை, கீழ் வரிசை, திரும்ப மேல் வரிசை.

— பார்றா! கரையில நிக்கிற வேனுக்குப் போயி சாசேஜுக்குத் தொட்டுக்க ஒரு கடுகு விழுது டப்பா எடுத்துட்டு வாடான்னேன். உறைஞ்ச ஏரி மேல அஞ்சு கிலோமீட்டர், வண்டியில அஞ்சு நிமிஷ வேல. ஒன்றரை மணி நேரம் ஆச்சு. சாசேஜ் கருகிக் கரிக்கட்டையாயிடுச்சு.

— கடுகு இல்லாம உனக்குத் தொண்டையில இறங்காதா? நீயே போயிருக்கலாம்.

— நான் ஏன் போகணும்? எந்தெல் எதுக்கு இருக்கான்?

— அதத்தான் நானும் கேக்குறேன். வருஷா வருஷம் எதுக்கு அவனக் கூப்பிடுற? உனக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

— பள்ளிக்கூடத்துல இருந்து கூட இருக்கான், விட முடியுமா? அதோட ஒண்ணு சொல்லவா? அவன் பின்னாடி வந்தாத்தான் நான் முன்னாடி போறேன்னே தெரியுது.

— அதுவும் நியாயம்தான். ரெண்டு பேர் ஓட்டுற பந்தயத்துல நீ மொதல்ல வர்றதுக்கு அவன் ஒருத்தன்தான் தோது.

— நாக்கப் பாரு. விர்வே, இந்த ஏரியில மோட்டார் சைக்கிள் ஓட்டணும்னா கொஞ்சமாவது நெஞ்சுல துணிச்சல் வேணும். நேத்து பார்த்தல்ல? ஒரு சாண் விரிசல். ஒரே ஒரு சாண்! நான் நூறுல வந்து சர்ருனு தாண்டிட்டேன். இவன் இறங்கி, கம்பியால தட்டி, பலகை போட்டு, வயசான அத்தையக் கைப்பிடிச்சு ரோடு தாண்ட வைக்கிற மாதிரி வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறான்.

— அந்தப் பலகைய முதுகுல கட்டிக்கிட்டே திரியிறான். கழுத்துல வேற ரெண்டு குத்தூசி. தண்ணியில விழுந்தா பனியில குத்தி மேல ஏறணுமாம். எங்க கல்யாண நாளுக்கு எனக்கு என்ன வாங்கிக் குடுத்தான் தெரியுமா?

— என்ன?

— அதே மாதிரி ரெண்டு ஊசி. சிவப்புக் கயிறு கோத்து.

— சிவப்புக் கயிறா! அடேங்கப்பா, காதல் பொங்குதே!

— "உனக்கு எதுவும் ஆயிடக் கூடாது விர்வே"ன்னான். ஆகல. பதினோரு வருஷம் எதுவுமே ஆகல. அதனாலதான் கிளம்பி உன்கிட்ட வந்தேன்.

— வந்து ஆறு வருஷத்துல எல்லாம் ஆச்சுல்ல?

— ஆச்சு, ஆச்சு. இதோ, உன் ஃபோன் அடிக்குது.

— அவன்தான். எடுக்க மாட்டேன்.

— எடுத்துத் தொலையேன்.

— எடுத்தா என்ன கேப்பான்? "ரைவோ, கடுகு காரமானதா, இனிப்பானதா?" அப்புறம் காத்து எத்தனை, பனி எத்தனை சென்டிமீட்டர், ஓட்டை போட்டு அளந்தியா. அட விடு. பாரு, நின்னுடுச்சு.

— இப்ப எனக்குப் பண்றான்.

— கட் பண்ணு.

— பண்ணிட்டேன். ஐயோ, திரும்பவும்.

— சத்தத்த அமத்திப் பையில போடு. சனி ஞாயிறு ரெண்டு நாளு நிம்மதியா ஓட்டலாம்னு வந்தா இவன் கணக்கு வாத்தியார் மாதிரி விடாம கூப்பிட்டுக்கிட்டு. அவன் வண்டி டயரப் பார்த்தியா இந்த வருஷம்? பனியில வழுக்காம இருக்க, டிசம்பர் முழுக்க உக்காந்து ஒவ்வொரு ஆணியா கையால முறுக்கியிருக்கான். முந்நூத்தி அறுபது ஆணி! எண்ணி வேற வச்சிருக்கான். நான் கடைக்குப் போனேன், ஆணி அடிச்ச டயரா வாங்கினேன், மாட்டினேன். முடிஞ்சுது.

— கைய ஆட்டுறான் போலயே?

— குடு, குடு பைனாகுலர. ஆமா! ரெண்டு கையும். காத்தாடி மாதிரி. நீயும் ஆட்டு விர்வே. காப்பிக் கப்பத் தூக்கிக் காட்டு. உன் நலத்துக்குடா எந்தெல்!

— இப்ப ஹெட்லைட்ட அணைச்சு அணைச்சுப் போடுறான்.

— கிறிஸ்துமஸ் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சுன்னு யாராவது அவனுக்குச் சொல்லுங்கப்பா. இல்ல, ஏரிக்குக் கிழக்குக் கரையில இருக்குற ரஷ்யாக்காரனுக்கு சிக்னல் குடுக்குறானோ? எல்லைக் காவல்காரன் வந்து அள்ளிட்டுப் போகட்டும். ஒரு வாரத்துல அவனே திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவான், "எங்களால முடியல சாமி"ன்னு.

— ரைவோ, இந்தத் தூண்டில் நூலக் கொஞ்சம் பாரேன்.

— என்ன?

— காலையில பனியில போட்ட ஓட்டைக்குள்ள நேராத்தான் இறங்கிச்சு. ஈயக்குண்டு அடித்தரையில உக்காந்துச்சு. இப்ப நூலு சாஞ்சு நிக்குது.

— மீன் இழுக்குது.

— மீன் இழுத்தா துடிக்கும். இது துடிக்கல. ஒரே பக்கமா விறைச்சுக்கிட்டு நிக்குது. நான் நூல விட்டுக் குடுத்தும் திரும்பச் சாயுது.

— அடியில நீரோட்டமா இருக்கும். நீயும் அவன மாதிரியே பேசுற. பதினோரு வருஷத்து நோய் ஆறு வருஷத்துல இறங்காதுபோல.

— நோயா? அங்கிருந்து இங்க வந்து என்ன ஆரோக்கியத்தக் கண்டேன்? என் வண்டி கிளட்ச்ச "நான் ஏத்தித் தர்றேன் பாரு"ன்னு கழட்டினியே. நேத்து சாயங்காலம் கருகிப் போச்சு. இன்னிக்கு உன் பின்னாடி உக்காந்து உன் முதுகப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

— அந்த முதுகப் பார்த்துத்தான மயங்கின?

— அப்ப அது முதுகா இருந்துச்சு. இப்ப மூட்டை.

— சிரிச்சுக்க, சிரிச்சுக்க. எங்க அவன்? காணோமே.

— பனிமேட்டுக்கு அந்தாண்ட போயிட்டான். பனி மோதிக் குவிஞ்சு கிடக்குல்ல, அதுக்குப் பின்னாடி. கரைப் பக்கம் ரொம்ப தூரம் பின்னால போன மாதிரி இருந்துச்சு.

— சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிட்டான்டி. ஃபோன எடுக்கலன்னு கோவம். இரு, சத்தம் கேக்குது. அட! முறுக்குறானே! விர்வே, கேளேன், எந்தெல் முழுசா முறுக்குறான்!

— அவனா இருக்காது.

— அவன்தான். அந்த இருமல் பிடிச்ச பழைய எஞ்சின் வேற யாருக்கு இருக்கு? இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் மனுஷன் முழு வேகம் போறான். அதுவும் எதுக்கு? வீட்டுக்கு ஓடுறதுக்கு!

— நின்னுடுச்சு.

— என்னது?

— சத்தம். பட்டுனு நின்னுடுச்சு, ரைவோ.

— தன் வேகத்தப் பார்த்துத் தானே பயந்து பிரேக்க அமுக்கியிருப்பான். அட விடு. சாமானக் கட்டு, நாமளும் கிளம்பலாம். குளிரு எலும்புல இறங்குது.

— காத்து ஏறிடுச்சு. தூள்பனி இடுப்பு உசரத்துக்குப் பறக்குது பாரு. நாம வந்த தடமே தெரியல.

— தடம் எதுக்கு? மேற்கால பார்த்து ஒரே முறுக்கு. நூத்திப் பத்துல போனா மூணு நிமிஷம். அவன் வர்றதுக்குள்ள வேன்ல கால நீட்டி உக்காந்திருப்பேன். ஏறு.

— கொஞ்சம் மெதுவாப் போயேன். முன்னாடி எதுவுமே தெரியல.

— மெதுவாப் போறவன் வேணும்னா அவன்கிட்டயே இருந்திருக்கணும். ஏறுடி.

— இரு. எஞ்சின இரைய விடாத. யாரோ வர்றாங்க.

— எங்க?

— நேரா, நம்ம வழியில. வண்டியத் தள்ளிக்கிட்டு நடந்து வர்றாங்க. நொண்டுற மாதிரி இருக்கு. எந்தெல்தான்!

— ரைவோ, எஞ்சின அணை. விர்வே, நீ வண்டியில ஏறாத.

— வாடா எந்தெல், வா வா! கடுகு எங்க?

— ஒரு நிமிஷம். எஞ்சின அணைச்சுட்டு சாவிய என்கிட்ட குடு.

— பார்றா! சொந்த வண்டிய ஒடைச்சுட்டு என் வண்டிக்கு அடி போடுறியா? முன் மட்கார்டு காணோம், முட்டி கிழிஞ்சு ரத்தம், உதடு வீங்கிக் கிடக்கு. விர்வே, நல்லாப் பாரு, இவன் விழுந்திருக்கான்! எங்கடா விழுந்த?

— இறங்கறப்போ.

— எதுலேர்ந்து? சீட்லேர்ந்தா? ஹஹ்ஹா!

— சாவி, ரைவோ. இப்ப இந்த வழியில கிளம்பினீங்கன்னா நேரா தண்ணிக்குள்ளதான். இந்தத் தூள்பனியில தண்ணி இருபதடிக்கு முன்னாடிதான் கண்ணுக்கே தெரியும். நீ வர்ற வேகத்துக்கு அது பத்தாது.

— எந்தத் தண்ணி?

— பனி பிரிஞ்சிருச்சு. மேற்கால, அந்தப் பனிமேட்டு ஓரமா. வடக்கால மூணு கிலோமீட்டர், தெக்கால மூணு கிலோமீட்டர் பார்த்துட்டேன், எங்கயும் ஒட்டல. நாம நிக்கிற இந்தத் துண்டு மொத்தமும் கிழக்கால போய்க்கிட்டிருக்கு.

— கதை விடாதடா.

— ரைவோ... அந்த நூலு.

— நூலும் மண்ணும்! நீ சும்மா இரு விர்வே. டேய், அரை மீட்டர் தண்ணியப் பார்த்துட்டு ஏரியே பிளந்துடுச்சுன்னு வந்து நிக்கிற, அப்படித்தான?

— அரை மீட்டரா இருந்தப்போதான் மொதல்ல உனக்கு ஃபோன் பண்ணேன்.

— அதுக்கு... அதுக்கு ஒரு ஆளு அங்கயே நின்னு பொம்ம மாதிரி கைய ஆட்டுவானா? பெரிசாகுதுன்னு தெரியுதுல்ல? கத்தித் தொலைச்சிருக்கணும்!

— கத்தினேன். காத்து உங்க பக்கமா வீசினாலும், எஞ்சின் சத்தம் கேக்குற தூரத்துக்கு மனுஷக் குரல் கேக்காது. பதினாலு தடவ ஃபோன் பண்ணேன். விர்வே, அடுப்ப அணைச்சுடு. தெர்மாஸ், கம்பளி ரெண்டையும் எடுத்துக்க. பின்னால நூறடி தள்ளி பழைய பனி இருக்கு, நல்ல தடிமன். அங்க போய் நிப்போம். ஒட்டி ஒட்டி நிக்க வேணாம்.

— நின்னு? ரஷ்யா வந்ததும் இறங்கிக்கிறதா?

— மீட்புப் படைக்குச் சொல்லியாச்சு, ரைவோ. கரையில இருக்குற முஸ்த்வே ஊர்லேர்ந்து பனியிலயும் தண்ணியிலயும் ஓடுற படகு கிளம்பிடுச்சு. முக்கால் மணி நேரம். நாம எங்க நிக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியும்.

— எனக்கு எவனும் படகு அனுப்ப வேணாம்! ஊரே கைகொட்டிச் சிரிக்கும். எந்தெல், நீ வந்தேல்ல? நீ வந்த வழியக் காட்டு. நீயே வர முடிஞ்ச இடத்துல நான் கண்ண மூடிக்கிட்டுப் போவேன்.

— அந்த வழி இப்ப இல்ல. இந்நேரம் ஏழெட்டு மீட்டர் ஆகியிருக்கும்.

— பொய்! எங்கயோ ஒட்டியிருந்த மூலையாப் பார்த்து, பலகையப் போட்டு மெதுவாத் தள்ளிக்கிட்டு வந்திருக்க. இப்ப என் முன்னாடி பெரிய மனுஷன் வேஷம். விர்வே, ஏறு வண்டியில.

— ஏற மாட்டேன்.

— ஏறுன்னு சொல்றேன்ல!

— நீ போறதுன்னா போ ரைவோ. எந்தெல், இந்தா, மொதல்ல ரத்தத்தத் தொடை. நீ வேன் வரைக்கும் போனியா?

— போனேன். திரும்பி வர்றப்போதான் பனிமேட்டுல விரிசலப் பார்த்தேன்.

— அப்ப நீ கரைப் பக்கம் இருந்திருக்க.

— ஆமா.

— எங்கயும் ஒட்டலன்னும் சொல்ற.

— எங்கயும் ஒட்டல. கடைசியா அளந்தப்போ மூணு மீட்டருக்கு மேல இருந்துச்சு.

— மீட்புப் படைக்காரங்க உன்ன என்ன பண்ணச் சொன்னாங்க?

— கரைக்குப் போயிடு, பனியில காலே வைக்காதேன்னாங்க.

— அப்புறம் எப்படி எந்தெல் நீ இந்தப் பக்கம் நிக்கிற?

— நீங்க ரெண்டு பேரும் ஃபோன எடுக்கல, விர்வே. அதான், பனிமேட்டுச் சரிவுல முழுசா முறுக்கித் தாவி, நேர்ல வந்து சொல்ல வேண்டியதாப் போச்சு.