குணாளன் சுத்தம் செய்த கணினி

என் பெயர் வாசுகி. தகப்பனார் பெயர் கனகராஜ். வயது முப்பத்தொன்பது. செடெனாக்கில் தாமான் என்கிற குடியிருப்பு வீடொன்றில் என் கணவர் வசந்தனுடன் குடியிருக்கிறேன். செனாயில் தொழிற்சாலை வேலையில் இருந்தேன். கணவரைப் பார்த்துக்கொள்வதற்காக நின்றுவிட்டேன். என் மேல் போலீசில் புகார் கொடுத்த குணாளன் என் கணவரின் தம்பி.

என் கணவர் பாசிர் கூடாங்கில் கிரேன் ஓட்டியவர். நரம்பு நோயால் அவருக்குக் கைகால் அசைவும் பேச்சும் போய்விட்டன. கண் மட்டும் அசையும். வீட்டுக் கணினியில் ஒரு கேமராவும் மென்பொருளும் பொருத்தியிருக்கிறோம். திரையில் அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதை அது சேர்த்துக்கொண்டு, பிறகு சத்தமாகப் படிக்கும். அவர் பேசுவது அதன் மூலமாகத்தான்.

குணாளன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். லீவு கிடைத்தால் வந்துவிடுவார். அண்ணனைத் தூக்கவோ குளிப்பாட்டவோ அவருக்கு வராது. ஆகவே கணினி முன் உட்கார்ந்து, ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்ற ஒன்றை ஓட்டுவார். வேண்டாத பதிவுகளை அழித்தால் கணினி வேகமாக ஓடும் என்பார். ஒருமுறை அப்படிச் செய்த பிறகு பிரிண்டர் வேலை செய்யவில்லை. இன்னொரு முறை தமிழ் எழுத்து வரவில்லை. இனிமேல் தொடாதீர்கள் என்று நானும் சொன்னேன், என் கணவரும் கணினி மூலமாகச் சொன்னார். அதற்கு அவர், "ஸ்லோவா இருக்குண்ணே. குப்பையக் கூட்டுனாத்தான் ஓடும் லா," என்று சிரித்தார்.

சீனப் பெருநாள் விடுமுறைக்கு முந்திய வியாழக்கிழமை மாலை, நான் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தபோது குணாளன் மறுபடியும் அதை ஓட்டிவிட்டுப் புறப்பட்டுப் போனார். அதன் பிறகு நான் போய்ப் பார்த்தபோது பேசும் மென்பொருள் திறக்கவில்லை. லைசன்ஸ் இல்லை என்று திரையில் வந்தது; அதன் பதிவும் சேர்ந்து அழிந்திருந்தது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவர அந்தக் கிளீனரிலேயே வழி உண்டு என்று தெரிந்து தேடினேன். இடத்தை அடைக்கிறது என்று அதற்கு வேண்டிய பழைய பிரதிகளையும் குணாளன் அழித்திருந்தார். மென்பொருள் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமைதான் திறப்போம் என்று பதிவு செய்த குரல் சொன்னது. குணாளனுக்குப் போன் செய்தேன். "அதனால கெட்டுப் போகாது அண்ணி. கம்ப்யூட்டர் பழசு," என்றார்.

அதன் பிறகு நான் ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்ல, என் கணவர் வேண்டிய எழுத்தில் கண் சிமிட்டினார். வெள்ளிக்கிழமை P, A, L என்று மூன்று எழுத்து வந்தது. அதற்குள் அவருக்குக் கண் சோர்ந்துவிட்டது. பால் வேண்டுமா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்கிறார் என நினைத்து, குளிர்பெட்டியிலிருந்த பாலை ஜில்லென்றே கரண்டியால் ஊட்டினேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆசையாய்க் கேட்டிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். சனிக்கிழமையும் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குணாளன் வந்தார். சரிசெய்ய வந்திருக்கிறார் என்று நம்பி, நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். அவர் மறுபடியும் அதே கிளீனரைத் திறந்தார். "அலமாக், இன்னும் நானூறு எரர் காட்டுது பாருங்க," என்றார். நிறுத்துங்கள் என்று சொன்னேன். "ரெண்டே நிமிஷம் அண்ணி," என்றார். நான் விசைப்பலகையைப் பிடுங்கி அதைக்கொண்டே அவரை அடித்தேன். புருவத்துக்கு மேலே கிழிந்து இரத்தம் வந்தது. துணி கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. கிளினிக்குக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு, அங்கிருந்து போலீசுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிப் பெண் இணையம் வழியாக உள்ளே வந்து லைசன்ஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு என் கணவர் முதலில் சொன்னது: "பல்லு. பால் வேணாம்." வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாயில் ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. மறுநாள் காலை பல்லைப் பிடுங்கினார்கள்.

அன்று மாலை குணாளன் தலையில் கட்டோடு வந்து வாசலிலேயே நின்றார். நான் கூப்பிடவில்லை. பல்லைப் பால் என்று புரிந்துகொண்டது நான்தான் என்றாலும், அப்போது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளேயிருந்து கணினி, "குணா, உள்ள வா. என் பக்கத்துல ஒக்காரு," என்றது. அவர் உள்ளே போனார். கணினி இருந்த பக்கம் போகாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் சாயா போட்டுக் கொடுத்தேன்.

புகாரை மீட்டுக்கொள்வதாகப் போகும்போது சொன்னார். அது அவர் விருப்பம். நான் கேட்கவில்லை. அடித்தது நான்தான், கை தவறிப் பட்டது அல்ல.

தமிழில் நான் கூறியபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. யாரும் வற்புறுத்தாமல் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வாசுகி