இரண்டாவது குகையின் வௌவால்கள்

வௌவாலைக் கையில் எடுத்தால் முதலில் முன்கையைத்தான் அளப்போம். சிறகை முழுதாக விரிக்கக் கூடாது. பயந்துபோகும்.

சூளகிரிக் காட்டுப் பாறைக் குகை ஒன்றில் நான் கண்ட வௌவாலுக்கு முன்கை வழக்கத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் அதிகம். தென்னிந்தியா முழுக்க இருக்கும் பூச்சி தின்னும் வௌவால் அல்ல, புதிய இனம், இந்தக் குகையில் மட்டுமே வாழ்வது என்று எழுதினேன். பதினோரு வருட உழைப்பு. அந்தப் பாறையைக் கல்குவாரிக்குக் கேட்டிருந்தார்கள். புதிய இனம் என்றால் பாறை பிழைக்கும்.

என்னோடு வேலை பார்த்த அருள்செல்வி, குருபரப்பள்ளிப் பக்கம் ஆஞ்சப்பனின் மாந்தோப்புக்குப் பின்னால் இரண்டாவது குகையைக் கண்டுபிடித்தார். அங்கிருந்தவற்றின் முன்கை அளவு சாதாரண வௌவாலுக்கும் என் வௌவாலுக்கும் நடுவில் விழுந்தது.

"சார், ரெண்டும் ஒரே இனம்தான். நாளைக்கு இன்னும் இருபது அளந்துட்டு எழுதிடலாம். பதினோரு வருஷத்துக்கு நான் ஒரு டீ வாங்கித் தரேன், கோச்சுக்காதீங்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

மறுநாள் ஆஞ்சப்பன் தோப்பில் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "ஏன் சாரே, எம் மாங்காயக் கடிச்சிப் போடற கழுதைங்க இதுங்கதானே? இன்னிக்காச்சும் ஆமான்னு சொல்லுங்க."

இவை பூச்சி மட்டும் தின்பவை என்று ஒவ்வொரு முறையும் விளக்கியிருக்கிறேன். அன்று ஆமாம் என்றேன்.

"அப்ப பொகை போட்டுடறேன். அந்தம்மா உள்ளயா இருக்குது?"

குகை வாசலில் மஞ்சள் பூசிய கல் ஒன்று உண்டு. உள்ளே போகிறவர்கள் அங்கே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். அருள்செல்வி சர்ச்சுக்குப் போகிறவர், அவரும் கழற்றுவார். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்பது தோப்புக்காரர்களுக்குத் தெரியும். அரைமணி நேரம் முன்பே அவர் செருப்பை எடுத்து என் ஜீப்பில் வைத்திருந்தேன்.

"ஊத்தங்கரை பஸ் ஏறிட்டாங்க" என்றேன்.

வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் பற்றவைத்தார். பழைய டயர், மாஞ்சருகு. குறுகலான வாசல். வௌவால்கள் சில வெளியே வந்து விழுந்தன, மற்றவை உள்ளேயே செத்தன. உள்ளிருந்து கூப்பிடும் குரல் ஒரு முறை கேட்டது. ஆஞ்சப்பனுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

வாசலில் செருப்பு இல்லை என்று அவர் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராமே. அது உண்மை. அவரை விட்டுவிடுங்கள், இன்ஸ்பெக்டர்.

என் கட்டுரை வெளிவந்தது. குவாரிக்கும் அனுமதி கிடைத்தது. கட்டுரையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. போன வாரம் முதல் குகையையும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

நான் செய்தது வௌவால்களுக்காகத்தான். ஆனால் வெடிச்சத்தம் கேட்டபோது மனம் ஏனோ அமைதியாக இருந்தது. அருள்செல்வி வாசல் நெருப்பு வரை வந்து விழுந்திருந்தார், அவர் நோட்டும் அவரோடே எரிந்துவிட்டது. நான் இப்போது சொல்வது உங்களுக்கு ஆதாரமாகலாம், அறிவியலுக்கு ஆகாது. அது புதிய இனம் அல்ல என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது.