மூச்சுத் திடல் மாசிலாமணி

வெள்ளக்காரன் தங்கம் தோண்டிக்கினு இருந்த காலம்னு வெச்சுக்கோங்க. தங்கவயல்ல, சுரங்கத் தொழிலாளிங்க வூடுங்க வரிசையா இருக்கற பனந்தோப்பு லைன்னு ஒரு லைன். தட்டிச் செவுரு, தகரக் கூரை. அந்த லைன்ல மாசிலாமணின்னு ஒருத்தர் இருந்தாராம். ஆறடிக்கு மேல ஒசரம். தோளச் சாய்ச்சாதான் வூட்டு வாசல்ல நுழைய முடியுமாம்.

அவர நான் பாத்ததில்ல. எங்கப்பா சொன்னாரு. எங்கப்பாவுக்கு அவரோட அப்பா சொன்னாரு.

மாசிலாமணிக்கு சுரங்கத்துல பாறை ஒடைக்கற வேலை. அவர் வேலை செஞ்ச எடம் நாலடி ஒசரம். ஆறடி மனுசன், நாலடி எடம், பதினஞ்சு வருசம். நிமிந்தா மண்டை ஒடையும். குனிஞ்சே நடப்பாரு, குனிஞ்சே ஒடைப்பாரு. கல்லு சரியற சத்தம் கேட்டா தலைய இந்தப் பக்கம் வாங்குவாரு, அந்தப் பக்கம் வாங்குவாரு. கம்பெனி வருசா வருசம் நடத்தற பாக்ஸிங் போட்டில ரிங்குல ஏறினாலும் அதே குனிவுதான்.

அப்பல்லாம் பாக்ஸிங்னா கம்பம் மாதிரி நிமிந்து நிக்கணும். தொரைங்க அப்படித்தான் நின்னாங்க, அவங்களப் பாத்து நம்மாளுங்களும் அப்படித்தான் நின்னாங்க. இவரு மட்டும் குனிஞ்சு வந்தாரு. மொத தடவ ஜனங்க சிரிச்சாங்களாம். "இன்னாடா தேடறாரு? ஊசி எதனா தொலைச்சிட்டாரா?"

சிரிப்பு ஒரு ரவுண்டுதான். எதிராளி குத்தறான், தலை அங்க இல்ல. மறுபடி குத்தறான், அங்கயும் இல்ல. அதுக்குள்ள இவரு உள்ள பூந்து, நெத்திய அவன் மாருல முட்டுக் குடுத்து நின்னுக்குவாரு. அங்க இருந்து ஒரு சாண் தூரத்துல வெலாவுல ரெண்டு குத்து. அவ்ளோதான். ஆறு வருசம் ஹெவிவெயிட்ல அவர ஒருத்தரும் ஜெயிக்கலையாம்.

ஏழாவது வருசம் கம்பெனில ஒரு சேதி சொன்னாங்க. இந்தத் தடவ ஜெயிக்கறவனுக்குக் கோப்பையோட மேல் வேலை. மேல் வேலைன்னா சுரங்கத்துல எறங்கவே வேணாம். விளக்கு ரூம்ல குந்திக்கினு, எறங்கறவங்களுக்கு விளக்கு எடுத்துக் குடுக்கணும். நிரந்தர வேலை.

லைனே சொல்லிச்சாம், அது மாசிலாமணிக்குத்தான்னு. அவரோட சம்சாரம் ரோசம்மா, விளக்கு ரூமுக்குப் போட்டுக்கினு போக ஒரு வெள்ளைச் சட்டையக் கூட தெச்சு வெச்சுட்டாங்களாம்.

கடைசிப் போட்டிக்கு வந்தவரு எத்திராசு. அதே சுரங்கம், அதே ஷிஃப்ட்டு. நல்ல பலசாலி. ஆனா ஒரு வருசமா உள்ளுக்குள்ள இருமல். வெளிய சொல்லல. டாக்டருக்குத் தெரிஞ்சா சீட்டக் கிழிச்சுருவாங்க, வேலை போச்சுன்னா லைன் வூடும் போச்சு.

பெல் அடிச்சாங்க. ரெண்டு ரவுண்டு மாசிலாமணி கைதான். மூணாவது ரவுண்டுல வழக்கம் போல உள்ள பூந்தாரு, நெத்திய எத்திராசு மாருல வெச்சாரு. வெச்சவரு தலையச் சாய்ச்சு, காத அங்கயே வெச்சு நின்னுட்டாராம்.

கொர்ருங்குது மாரு. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவுல எடைவெளியே இல்ல. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். சுரங்கத் தூசி நெஞ்சுல எறங்கிச் செத்தவங்க பக்கத்துல அவரு குந்தியிருக்காரு.

காதோரமா கேட்டாராம், "எத்தினி மாசமா இருக்குது?"

"இன்னாது?"

"இருமல்."

"வுடுண்ணா. குத்துண்ணா."

அவரு குத்தல. எத்திராசு சாயறாரு, இவரு கட்டிப் புடிச்சுக்கறாரு. நடுவர் பிரிச்சு வுட்டாரு. மறுபடி புடிச்சுக்கினாரு. ஜனங்க கத்தறாங்க. நாலாவது ரவுண்டுல எத்திராசு ஒரு குத்து வுட்டாரு. ஈ ஓட்டற மாதிரி குத்து. மாசிலாமணி முட்டி போட்டுக் குந்திட்டாரு. பத்து எண்ணி முடிக்கற வரைக்கும் எழுந்திருக்கல.

கல்லு எறிஞ்சாங்களாம். "பயந்தாங்கொள்ளி"ன்னாங்களாம்.

வூட்டுல ரோசம்மா கேட்டாங்க. "அடி எங்க பட்டுச்சு?"

"எங்கயும் படல."

"அப்புறம் ஏன் குந்தினே?"

"அவனுக்கு மூச்சு இல்ல, ரோசம்மா. இன்னொரு வருசம் எறங்கினா செத்துருவான்."

"நீ எறங்கினா?"

ரெண்டு நாள் அந்தம்மா சோறு கட்டல. மூணாம் நாள் சுரங்கத்துக்குச் சோறு கட்டிக் குடுத்தாங்க.

எத்திராசுக்கு ரோசம். கோப்பைய எடுத்துக்கினு வந்து வாசல்ல வெச்சாரு. "எனக்குப் பிச்சை போட்டியாண்ணா?"

"கோப்பை இங்க இருக்கட்டும். நீ நாளைக்கு விளக்கு ரூமுக்குப் போ."

"போ மாட்டேன்."

"உன் மாருல நான் காது வெச்சவன்டா. போ."

போனாரு. பதினெட்டு வருசம் விளக்கு குடுத்தாரு. தெனமும் மாசிலாமணி வருவாரு, எத்திராசு கையால விளக்க வாங்குவாரு, கூண்டுல ஏறிச் சுரங்கத்துக்குள்ள எறங்குவாரு. மாசிலாமணி இன்னும் நாலு கோப்பை ஜெயிச்சாரு, ஆனா மேல் வேலை மறுபடி யாருக்கும் தரல. கடைசில அவருக்கும் அதே தூசிதான். அம்பது வயசு கூட ஆவல.

அந்த எத்திராசு எங்க தாத்தா. அவரு விளக்கு ரூமுக்குப் போன மூணாவது வருசம் எங்கப்பா பொறந்தாரு.

மாசிலாமணி செத்த வருசம், போட்டி அன்னிக்கு எங்க தாத்தா ரிங்குல ஏறினாராம். சண்டை போட வந்த ரெண்டு பேரையும் கூப்ட்டாராம். "மொதல்ல அவன் மாருல நீ காது வை. அவன் உன் மாருல வைக்கட்டும். அப்புறம் குத்திக்கோங்க"ன்னாராம்.

இன்னிக்கும் அப்படித்தான். சுரங்கம் மூடியாச்சு, தூசி கெடையாது. ஆனா எங்க பசங்க இன்னும் குனிஞ்சுதான் ஆடறாங்க, பாக்ஸிங் நடக்கற அந்தத் திடலுக்கு மூச்சுத் திடல்னுதான் பேரு. வெளியூர்ல இருந்து வர்றவன் கூச்சத்துல நெளிவான். நெளிஞ்சாலும் காது வெச்சுத்தான் ஆவணும். அந்த நேரம் கூட்டத்துல ஒருத்தர் வாயத் தொறக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் தலையத் தூக்கி, "நல்லா இருக்குது"ன்னு சொல்லணும். சொன்னாதான் பெல்லு.