சிவப்புக் கட்டத்துல என்ன போட்டிருக்கு?

ஹலோ... ஹலோ, ஆஸ்பத்திரியா? தமிழ்... தமிழ் பேசுற மேடம் வேணும். தமிழ்!... ஆமா, ஆமா... நீங்களேதானா? அப்பாடா! எட்டு நிமிஷமா இந்தப் போன் பாட்டுதான் பாடிட்டிருந்துச்சு மேடம்.

ரொட்டிக்கடைக்காரன் பேசுறேன். மார்புல கட்டின்னு வந்தாளே, மூணாவது கீமோ முடிஞ்சு பத்து நாளாச்சு... ஆமா, அவ வீட்டுக்காரன். வீட்டுலயே செய்யுங்கன்னு எக்சர்சைஸ் பேப்பர் குடுத்தீங்கல்ல? நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறது... அதேதான். செய்யும்போதே சரிஞ்சு விழுந்துட்டா மேடம்!

...இல்ல, அடி படல. தாங்கிப் பிடிச்சுக் கட்டில்ல போட்டுட்டேன். பேசுறா. ஆனா ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றா.

...நான்தான் செய்யச் சொன்னேன். காலையிலேர்ந்தே 'முடியலீங்க, குளுருது'ன்னா. நான்தான் விடல. உடம்ப அசைக்கலன்னா அடுத்த கீமோவத் தாங்காதுன்னு டாக்டர் சொன்னத நீங்கதானே எங்களுக்கு எடுத்துச் சொன்னீங்க?... சரி, சரி, உங்களக் குறை சொல்லல. பயமா இருக்கு, அதான்.

...காய்ச்சலா? தொட்டாச் சுடுது... தர்மாமீட்டர் இருக்கு. இருங்க. இந்தா, கைய லேசாத் தூக்கு. இடுக்கிக்கோ... அசையாத. ரெண்டு கம்பளி போத்தியும் கட்டிலே ஆடுது மேடம்.

...முப்பத்தெட்டு... புள்ளி ஒம்பது.

நம்மூர்க் கணக்குல அது நூத்திரண்டா மேடம்?

...எந்தச் சிவப்புக் கட்டம்? பேப்பர் அடியிலயா? ஆமா, நாலு வரி இருக்கு. அது ஆஸ்பத்திரி விலாசம்னுல்ல நெனச்சேன்! படத்தப் பார்த்துதான் செஞ்சோம். இந்த ஊர் எழுத்து எங்களுக்கு எங்க... என்னதான் போட்டிருக்கு? உங்ககிட்ட இருக்குற பேப்பரப் பார்த்துப் படிங்க.

...

காய்ச்சல், நடுக்கம் இருந்தா செய்யாதே. உடனே கூப்பிடு... அப்படியா போட்டிருக்கு?

ஐயோ... அதக் கண்ணாடி பக்கத்துல ஒட்டுனதே நான்தான் மேடம். தெனமும் அதுக்கு முன்னாடி நின்னுதான் தலை வாருறேன்...

...அழல. அழல, சொல்லுங்க. எக்சர்சைஸால வந்த காய்ச்சல் இல்லையா? நெஜமாவா?... கிருமியா? ரத்தத்துல எதிர்ப்பு கொறஞ்சு போய்... சரி. நானா எந்த மாத்திரையும் குடுக்கக் கூடாது. சரி. ஒரு மணி நேரத்துக்குள்ள ஊசி ஏறியாகணும். சரி, சரி.

வண்டிக்குச் சொல்லிட்டீங்களா? இன்னொரு போன்லயா? நல்லா இருப்பீங்க! மூணாவது மாடி, எடது பக்கம். லிஃப்ட் ஓடல, அதையும் சொல்லிடுங்க... வர்றவங்ககிட்ட நான் எப்படிப் பேசுவேன்? அவங்க பாஷையில சொல்லிக்குடுங்க... மெதுவா... இன்னொரு தடவ... கீமோ, பத்தாம் நாள், காய்ச்சல்... ம், வாயில வந்துடுச்சு.

என்னடா கண்ணு?... ஒண்ணுமில்ல மேடம், ஒங்களத்தான் கேக்குறா. இன்னிக்கு ஆறு தடவதான் எந்திரிச்சாளாம், பத்து ஆகலையாம். எக்சர்சைஸ் லிஸ்ட்லேர்ந்து பேர வெட்டிருவாங்களான்னு... வெட்ட மாட்டீங்கல்ல?... கேட்டியா, மாட்டாங்களாம். கண்ண மூடாத. என்னப் பாரு. என்னப் பாருடி!

...வந்துட்டாங்க, கதவத் தட்டுறாங்க! இருங்க, இருங்க...

...சொல்லிட்டேன் மேடம்! ரெண்டு தடவ சொன்னேன், தலையாட்டுறாரு, புரிஞ்சுக்கிட்டாரு! ரெண்டே பேருதான் வந்திருக்காங்க. படி குறுகல், நாற்காலியோட தூக்கணும்போல... என்ன? என்னையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்றாரா?... ஆ, பிடிக்கிறேன், பிடிக்கிறேன்!

மேடம், நான் வெச்சிடுறேன். ரெண்டு கையும் வேணும்.